பத்தொன்பது விநாடி

எங்கள் லாண்டரியில் ஒரு சட்டம் உண்டு. சாயம் விடுகிற துணியைக் கீழ்க் கம்பியில் போட வேண்டும், விடாத துணியை மேல் கம்பியில். வெள்ளைக்குத்தான் முதல் மரியாதை; உச்சிக் கம்பி அதற்கு. யார் போட்ட சட்டம் என்று கேட்டால் தெரியாது. ஈரத் துணி சொட்டும், சொட்டுகிற தண்ணீர் கீழேதான் போகும், அவ்வளவுதான் நியாயம். இந்தச் சட்டத்தை ஒருவன் ஒழுங்காகக் கடைப்பிடித்ததால் ஒரு குடும்பம் இரண்டாகிப் போயிற்று என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். கூடவே இருந்து பார்த்திராவிட்டால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

'எங்கள் லாண்டரி' என்று வாய் தவறி வந்துவிட்டது. கடை அண்ணன், தம்பி இருவருடையது. எனக்கு அங்கே உள்ள பாத்தியதை ஒரு தையல் மெஷின், ஒரு முக்காலி, ஜன்னலோரமாக ஒரு கட்டில் போடுகிற அளவு இடம். லாட்ஜ் விரிப்புகளில் கிழிசல் தைப்பேன். ஆஸ்பத்திரித் துணிக்கு நாடா வைப்பேன். எந்தத் துணி எந்த இடத்துடையது என்று தெரிய, மூலையில் வண்ண நூலில் குறி போடுவேன். லாட்ஜுக்கு நீல நூலில் இரண்டு தையல், ஆஸ்பத்திரிக்குக் கறுப்பில் மூன்று, சலூன் துண்டுகளுக்கு வெள்ளையில் ஒன்று. பதினொரு வருஷமாக இதே வேலை. கண் போய்க்கொண்டிருக்கிறது, வாய் மட்டும் குறையவில்லை என்று தம்பி கேலி செய்வான்.

அண்ணனுக்குத் தெருவில் 'வெந்நீர்' என்று பெயர். முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். யார் மேல் கோபம் வந்தாலும் அவருக்கு ஒரே வசனம்தான்: "வெந்நீர்ல போட்டு அலசணும் இவன!" கரண்டை நிறுத்துகிறவனை அலச வேண்டும். தலைச்சாயம் அப்பிய துண்டைச் சொல்லாமல் மூட்டையில் திணிக்கிற சலூன்காரரை அலச வேண்டும். ஒரு தடவை மழையையே வெந்நீரில் போட்டு அலசச் சொன்னார். கோபம் அவ்வளவுதான், கொதித்து ஆறிவிடும். அரை மணி கழித்து அதே சலூன்காரருக்கு டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டிருப்பார்.

தம்பிக்குப் பெயர் 'மாடி'. விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை மொட்டைமாடியில் துணியோடு துணியாக நிற்பவன். நாற்பத்திரண்டு வயது. ஏன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்று கேட்டால், "துணியவே காயப்போட்டு முடியல, அதுல பொண்டாட்டிய வேற காயப்போடணுமா" என்பான். இடது கையில் மோதிர விரல் பாதிதான் இருக்கும். துணி பிழிகிற மெஷின் வாங்கிய புதிதில், சுற்று நிற்பதற்குள் கையை விட்டுவிட்டான். துண்டான விரலை ஈரத் துண்டில் சுற்றிக்கொண்டு, தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு அண்ணன் ஓடியே ஆஸ்பத்திரிக்குப் போனாராம். வாசலில் வேன் நின்றது, அது ஞாபகம் வரவில்லை. விரல் ஒட்டவில்லை. "இனிமே நீ மெஷின் பக்கம் வரக் கூடாது, மாடிக்குப் போ" என்றார் அண்ணன். அப்படித்தான் அவன் மாடி ஆனான்.

அண்ணனின் மனைவியை நான் அண்ணி என்பேன். என்னைவிட எட்டு வயது சின்னவள், இருந்தாலும் அண்ணி. மூன்று பேருக்கும் ஒரே அடுப்பு. மத்தியானச் சோறு எனக்கும் சேர்த்துத்தான்.

இனி போன் கதை. லாட்ஜ் மானேஜர், "எத்தனை விரிப்பு வேணும்னு இதுல சொல்லிடுறேன், நீங்க ஒவ்வொரு தடவையும் நடந்து வர வேணாம்" என்று அண்ணனை ஒரு பெரிய போன் வாங்க வைத்தார். வாங்கிய முதல் மாதம் பழைய பாட்டு. பிறகு சமையல் வீடியோ, பிறகு பாம்பு பிடிக்கிறவர். இஸ்திரி மேசையில் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்து, ஒரு கண் துணியில், ஒரு கண் போனில். ஏதோ ஒரு நாள் எல்லையில் செத்துப்போன ஒரு சிப்பாயின் தாய் சவப்பெட்டியைத் தட்டிக் கூப்பிடுகிற வீடியோ வந்தது. அண்ணன் அழுதார். அண்ணி அழுதாள். நானும் அழுதேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஒன்றைப் பார்த்ததும் அதே மாதிரி பத்து வந்து வரிசையில் நின்றன. அவர் எதையும் தேடிப் போகவில்லை. அது அவரைத் தேடித் தேடி வந்தது. அழ வைத்த வீடியோக்கள் போய்க் கத்துகிற வீடியோக்கள் வந்தன. கோட்டு போட்ட நாலு பேர் ஒரே நேரத்தில் கத்துவார்கள். யார் என்ன சொல்கிறார்கள் என்று கடவுளுக்கே வெளிச்சம். ஆனால் முடியும்போது அண்ணனுக்கு யார் மேலாவது கோபம் வந்திருக்கும். முன்பெல்லாம் அரை மணியில் ஆறுகிற கோபம், இப்போது ஆற விடாமல் கீழே யாரோ விறகு தள்ளிக்கொண்டே இருந்தார்கள்.

எல்லையில் சண்டை மூண்ட வாரம், அண்ணன் ஐந்து குரூப்பில் இருந்தார். ஒன்றில் இருநூற்று ஐம்பது பேர்.

அந்த வாரத்தில் ஒரு மத்தியானம். நாலு பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். வெளியே மழை. நாலு நாளாக விடாத மழை. கூடத்தில் கயிறு கட்டி, கயிற்றுக்கு அடியில் குனிந்துதான் சோற்றுத் தட்டை எடுத்து வர வேண்டும். தலையில் யாராவது ஒருவரின் விரிப்பு ஈரமாக உரசும்.

"நம்ம தெருவுல எல்லா வீட்டுலயும் கொடி ஏத்திட்டாங்க," என்றார் அண்ணன். "நம்ம கடைலதான் இல்ல."

"மழையில நனையும்ணே," என்றான் தம்பி. "கொடி நனைஞ்சா சாயம் விடும். அப்புறம் நீதான் துவைக்கணும்."

அண்ணி சிரித்தாள். நானும் சிரித்தேன். அண்ணன் சிரிக்கவில்லை.

"எதுல விளையாடுறதுன்னு ஒரு அளவு இருக்கு. அங்க நம்ம பசங்க செத்துக்கிட்டு இருக்கானுங்க."

"தெரியும்ணே. யாரு இல்லன்னா?"

"அப்ப என்ன இளிப்பு?"

தம்பி சோற்றைப் பிசைந்தான். "அங்கயும் ஒரு லாண்டரி இருக்கும்ணே. அங்கயும் ஒருத்தன் மழை எப்ப விடும்னு வானத்தப் பாத்துக்கிட்டு நிப்பான். அவன நெனச்சேன்."

"அவன் நம்மள நெனைக்க மாட்டான்டா! அவன் நம்ம தலையில குண்டு போடணும்னு நெனைப்பான். நீ இதெல்லாம் பாக்குறதில்ல. பாத்தாத்தான தெரியும்!"

"நான் எதுக்குப் பாக்கணும்? நீதான் எனக்கும் சேத்துப் பாக்குறியே."

"உன்ன மாதிரி ஆளுங்கதான்டா..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். "உள்ளுக்குள்ளயே இருந்துக்கிட்டுத் துரோகம் பண்றவனுங்கள மொதல்ல வெந்நீர்ல போட்டு அலசணும்."

"உங்களுக்கு என்ன ஆச்சு? தம்பிகிட்டப் பேசுற பேச்சா இது?" என்றாள் அண்ணி.

"அவன சொல்லல. பொதுவா சொன்னேன்."

"சரி சரி, என்னத்தான் அலசேன்," என்றான் தம்பி. "நாலு நாளா குளிக்கல."

அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உட்கார்ந்து மீதிச் சோற்றைத் தின்றார். அவர்கள் இருவரும் சேர்ந்து சிரித்து நான் கேட்டது அதுதான் கடைசி.

ஐந்தாம் நாள் மழை விட்டது. வெயில் என்றால் வெயில், கழுவித் துடைத்த மாதிரி. நாலு நாள் துணி மலையாகக் கிடந்தது. சாதாரண நாளில் மாடியின் உள்பக்கக் கயிறுகளே போதும். அன்று போதவில்லை. தெருவைப் பார்த்த கைப்பிடிச் சுவரோரமாக இரண்டு இரும்புக் குழாய் நட்டு, ஒன்றன் கீழ் ஒன்றாக மூன்று கம்பி இழுத்து வைத்திருக்கிறார்கள். மழைக்குப் பிறகு வருகிற நாட்களுக்கு மட்டும் அது. தம்பி காலையிலேயே அதில் துணி போட்டான். மேல் கம்பியில் லாட்ஜின் வெள்ளை விரிப்புகள். நடுக் கம்பியில் ஆஸ்பத்திரியின் மஞ்சள் விரிப்புகள். கீழ்க் கம்பியில் சலூனின் அரக்குச் சிவப்புத் துண்டுகள், அதுதான் சாயம் விடும். இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இடைவெளி இல்லாமல் நெருக்கி, சுருக்கம் நீவி, கிளிப் போட்டு. வேலையில் அவனைக் குறை சொல்ல முடியாது.

வெள்ளை, மஞ்சள், அரக்கு. எல்லைக்கு அந்தப் பக்கத்து நாட்டின் கொடியும் அதே மூன்று பட்டைதான், அதே வரிசையில். அது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. துணி எங்களுக்குத் துணி.

எதிர்வரிசை வீடுகளுக்குப் பின்னால் ஆறு மாடிக் கட்டடம் ஒன்று இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் எங்கள் மாடி மூலைவாட்டில் தெரியும். யாரோ எடுத்திருக்கிறார்கள். யார் என்று இன்றுவரை தெரியாது. கிட்டே இழுத்து எடுத்ததில் தண்ணீர்த் தொட்டியும் தெரியவில்லை, பக்கத்து வீடும் தெரியவில்லை. வானமும் காற்றில் அலைகிற மூன்று பட்டையும், ஓரமாக ஒரு குழாயின் வளைவும் மட்டும். பின்னால் திக் திக்கென்று ஒரு சங்கீதம். 'நம் ஊருக்குள்ளேயே எதிரியின் கொடி' என்று சிவப்பு எழுத்து. மொத்தம் பத்தொன்பது விநாடி.

பதினொரு மணி வாக்கில் அது அண்ணனின் போனுக்கு வந்தது. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "அடப்பாவிங்களா" என்றார். எழுந்து வந்து என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"பாருங்கம்மா, பாருங்க. நம்ம சோத்தத் தின்னுட்டு என்ன துணிச்சல்!"

எனக்கு வாயில் நூல். கண்ணாடி நெற்றியில். பார்த்தேன். மூன்று நிறமும் ஆடிற்று. "அக்கிரமம்" என்றேன். அந்த மஞ்சள் விரிப்பு ஒவ்வொன்றின் மூலையிலும் கறுப்பு நூலில் மூன்று தையல் போட்டவள் நான். அந்த மாடிக்கு நேர் கீழே உட்கார்ந்துகொண்டு அக்கிரமம் என்றேன். இதைச் சொல்லாமல் கதையைச் சொன்னால் நான் அண்ணன் மேல் மட்டும் பழி போட்டவளாவேன்.

அவர் இருநூற்று ஐம்பது பேர் குரூப்பிலும் மற்ற நாலிலும் அதைத் தள்ளிவிட்டார். சும்மா தள்ளவில்லை. ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி, அடியில் தன் கைப்பட இரண்டு வரி எழுதினார்: 'இது எந்த வீடுன்னு யாராவது கண்டுபிடிங்க. வெந்நீர்ல போட்டு அலசணும்.' எழுதிவிட்டு எங்களுக்கு வாசித்தும் காட்டினார். பிறகு காய்ந்த மூட்டைகளை வேனில் ஏற்றிக்கொண்டு லாட்ஜுக்குப் போனார். போகும்போது மாடியைப் பார்த்து, "டேய், டீ குடிச்சியா?" என்று கத்தினார். மேலிருந்து, "ஆச்சு, ஆச்சு" என்று குரல் வந்தது.

இரண்டரை மணிக்குச் சத்தம் கேட்டது. முதலில் ஏதோ ஊர்வலம் என்று நினைத்தோம். முப்பது, நாற்பது பேர் இருப்பார்கள். முக்கால்வாசி எங்கள் தெரு முகமே இல்லை. வீடியோ எங்கெங்கோ சுற்றி, யாரோ ஒருவர் இரும்புக் குழாயின் வளைவைப் பார்த்து அடையாளம் சொல்லிவிட்டார். மாடிக்குப் போகிற இரும்புப் படி வெளிப்பக்கமாக இருக்கிறது. கடைக்குள் வரவே இல்லை, நேராகப் படியில் ஏறினார்கள். அண்ணி, "யாரு நீங்க, என்ன வேணும், என்ன வேணும்" என்று கேட்டுக்கொண்டே பின்னால் ஓடினாள். நான் படியடியில் நின்றேன்.

தம்பி அப்போதுதான் காய்ந்த துணிகளை உருவிக்கொண்டிருந்தான். இரண்டு கையிலும் அணைத்து, தோளிலும் போட்டுக்கொண்டு படித்தலைப்பில் வந்து நின்றான். துணிக்கு மேலே முகம் மட்டும் தெரிந்தது.

"எங்கடா கொடி?"

"எந்தக் கொடி?" தம்பி சிரித்தான். நிஜமாகவே சிரித்தான், யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்து. "இது லாட்ஜ் துணிங்க. இது ஆஸ்பத்திரி. வேணும்னா மூலையில நூலப் பாருங்க."

"நடிக்கிறான் பாரு!"

"ஐயா, சாயம் விடுறது கீழ போடணும், அதனால..."

யாரும் கேட்கவில்லை. முன்னால் நின்ற ஒருவன் போனைத் தூக்கிப் பிடித்து, பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்கிற மாதிரி வாசித்தான். "எந்த வீடுன்னு கண்டுபிடிங்க. வெந்நீர்ல போட்டு அலசணும். கண்டுபிடிச்சாச்சுடா! அலசிடுவோமா?"

பேசிக்கொண்டே இருந்த தம்பியின் வாய் நின்றுவிட்டது. நான் கீழிருந்து அவன் முகத்தைப் பார்த்தேன். அதில் பயம் இல்லை. கணக்குப் போடுகிறவன் முகம் மாதிரி ஒரு நிமிஷம் ஆயிற்று, பிறகு ஒன்றுமில்லாமல் ஆயிற்று.

துணியைப் பிடித்து இழுத்தார்கள். அவன் விட்டிருக்க வேண்டும். வேறு யாராக இருந்தாலும் விட்டிருப்பான். துவைத்துக் காய்ந்த துணியைத் தரையில் விடுகிற பழக்கம் அவன் கைக்கு இல்லை. கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். அவர்கள் இழுக்க, இவன் பிடிக்க, துணியோடு சேர்ந்து தலைகுப்புற வந்தான். பதினெட்டுப் படி. பாதி துணி அவனுக்கு அடியில் விழுந்ததால்தான் உயிர் இருந்தது என்று பிறகு டாக்டர் சொன்னார். இடுப்பும் வலது தொடையும் முறிந்துவிட்டன. அவன் போட்ட சத்தத்தில் எல்லாரும் நிமிஷத்தில் காணாமல் போனார்கள்.

அண்ணன் அப்போது எங்கே இருந்தார் என்பதை அவரே பல நாள் கழித்து என்னிடம் சொன்னார். லாட்ஜிலிருந்து திரும்பும்போது தெருமுனையில் ஓட்டமும் சத்தமும். ஒருவனைக் கேட்டிருக்கிறார். "கொடி ஏத்துன வீட்டக் கண்டுபிடிச்சிட்டாங்க" என்றானாம். "சபாஷ்" என்று இவர் வேனை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு, வேடிக்கை பார்க்க நடந்து வந்திருக்கிறார். "நடந்து வந்தேன்மா" என்றார். "ஓடிக்கூட வரல. சிரிச்சிக்கிட்டே நடந்து வந்தேன்."

ஆஸ்பத்திரியில் தம்பியைப் படுக்க வைத்தது மஞ்சள் விரிப்பில். மூலையில் என் கறுப்பு நூல், மூன்று தையல். அவன் அதைப் பாதி விரலால் தடவிக்கொண்டே கிடப்பான். போலீஸ்காரர் வந்து எழுதிக்கொண்டார். "யாராச்சும் தள்ளினாங்களா?" "இல்ல." "யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?" "இல்ல." அண்ணன் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டு தரையைப் பார்த்தார். "தவறி விழுந்ததுன்னு எழுதிக்கவா?" "எழுதிக்கோங்க."

அவனுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும். அண்ணிக்கும் தெரியும், அவளும் படியில் நின்று கேட்டாள்தானே. அண்ணனுக்கு மட்டும் அது தெரியாது. இருபத்தேழு நாள் அவர் அவனுக்குக் கஞ்சி ஊட்டினார், உடம்பு துடைத்துவிட்டார், மலம் எடுத்தார். ஒரு வாய் கஞ்சிக்கும் அடுத்த வாய்க்கும் நடுவில் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பார். கஞ்சி ஆறிவிடும்.

"சொல்லிடுங்க," என்றாள் அண்ணி ஒரு நாள், கடையில் வைத்து. "சொல்லாம இருந்தா அது உங்களத் தின்னுடும்."

"சொன்னா அவன் செத்துடுவான்டி."

"அவன் சாக மாட்டான்," என்றாள். அதற்கு மேல் அவளும் சொல்லவில்லை.

வெளியே அவர் சும்மா இருக்கவில்லை. அதையும் சொல்ல வேண்டும். எல்லாக் குரூப்பிலும் எழுதினார்: 'இது கொடி இல்லை. எங்க லாண்டரித் துணி. என் தம்பி படுத்த படுக்கையா இருக்கான்.' துணியை ஒவ்வொன்றாகக் காட்டி, அண்ணியைப் பிடிக்கச் சொல்லி ஒரு வீடியோவும் எடுத்தார். அதை முப்பத்தோரு பேர் பார்த்தார்கள். அந்தப் பத்தொன்பது விநாடியை நாலு லட்சம் பேர். 'மாட்டிக்கிட்டதும் லாண்டரியாம்' என்று ஒருவன் எழுதினான். 'இவனும் கூட்டாளிதான்' என்றான் இன்னொருவன். இருநூற்று ஐம்பது பேர் குரூப்பிலிருந்து இவரைத் தூக்கிவிட்டார்கள். 'உள்ளேயே இருந்துகொண்டு துரோகம் பண்ணுகிறவர்களுக்கு இங்கே இடமில்லை' என்று காரணம் எழுதியிருந்தது. அண்ணன் அதை எனக்கு வாசித்துக் காட்டினார். அது அவர் வாயிலிருந்து நான் முன்பே கேட்ட வசனம்தான்.

துணி காயப்போடுவதும் இப்போது அவர்தான். ஒரு நாள் மூட்டையைப் பிரித்தால் லாட்ஜின் வெள்ளை விரிப்பு எல்லாம் அரக்குத் திட்டு. மேலே போய்ப் பார்த்தேன். சலூன் துண்டுகளை உச்சிக் கம்பியில் போட்டிருந்தார். வெள்ளை கீழே. மறுநாளும் அப்படியே. லாட்ஜ் மானேஜர் கத்திவிட்டுப் போனார். அண்ணன் வெள்ளையைத் திரும்பத் திரும்ப வெந்நீரில் போட்டு அலசினார். திட்டு வெளுத்தது, போகவில்லை.

இருபத்தெட்டாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்புவதாகச் சொன்னார்கள். வேறு ஊரில் இருக்கும் அவர்கள் தங்கை வந்திருந்தாள். நானும் போயிருந்தேன். அவள் பை கட்டிக்கொண்டிருக்க, அண்ணன் தம்பிக்குச் சட்டை மாட்டினார்.

"இன்னிக்குத் துணி யாரு போட்டா?" என்றான் தம்பி.

"நான்தான்."

"சலூன் துண்ட எங்க போட்ட?"

அண்ணன் அடுத்த பொத்தானைத் தேடினார்.

"மேல போடுறியாமே. அண்ணி சொன்னாங்க. கீழ போடுண்ணே. வெள்ளை என்ன பாவம் பண்ணுச்சு?"

அண்ணன் அங்கேயே, கட்டிலின் பக்கத்தில், முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டார். "டேய், நான் ஒண்ணு சொல்லணும். அந்த வீடியோவ..."

"தெரியும்ணே."

"என்ன தெரியும்?"

"வெந்நீர்ல போட்டு அலசணும்னு இந்த ஊர்ல வேற யாரு சொல்லுவா?"

தங்கை பை கட்டுவதை நிறுத்தினாள். அண்ணன் அவன் கையைப் பிடித்துத் தன் முகத்தில் அடித்துக்கொள்ளப் பார்த்தார். அவன் கையை இழுத்துக்கொண்டான்.

"அது நம்ம மாடின்னு எனக்குத் தெரியலடா. சத்தியமா தெரியல. தெரிஞ்சா அனுப்புவேனா?"

"தெரியும்ணே. நம்ம மாடி இல்லன்னா அனுப்பலாம். அப்படித்தான?"

அண்ணன் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அத முழுசாப் பாத்தியா?"

"என்னடா?"

"அந்த வீடியோவ. முழுசாப் பாத்துட்டு அனுப்புனியா?"

அவர் தலை இல்லையென்று ஆடிற்று. "மூணு கலரையும் பாத்தேன். உடனே..."

"பக்கத்துக் கட்டில்காரரு காட்டுனாரு, நான் பாத்தேன். முழுசாப் பாத்திருந்தா என் கை தெரிஞ்சிருக்கும்ணே." குரல் உயரவே இல்லை. "சின்னதுதான். பத்தொன்பது செகண்டுதான்."

பிறகு, தங்கையின் வீட்டுக்குப் போவதாகச் சொன்னான். கொஞ்ச நாளைக்கா என்று அண்ணன் கேட்டார். இல்லை என்றான்.

"நம்ம வீட்டுக்கு வாடா. நான் பாத்துக்குறேன்டா உன்ன. சாகுற வரைக்கும் பாத்துக்குறேன்."

"நீ பாத்துப்ப. அது எனக்குத் தெரியும். நான் உன்னப் பாத்துக்கிட்டு இருக்கணுமேண்ணே. அது என்னால முடியாது." மீதிப் பொத்தானைத் தானே போட்டுக்கொண்டு, "கோவம் இல்ல" என்றான். கோபம் இருந்திருந்தால் தேவலை என்று எனக்குத் தோன்றியது.

வேனில்தான் கொண்டுபோனார்கள். துணி மூட்டை வைக்கிற இடத்தில் அவனைப் படுக்க வைத்து, அண்ணன்தான் ஓட்டினார். ஐந்து மணி நேரப் பாதை. வழியில் அவர்கள் என்ன பேசினார்கள் என்று கேட்டேன். "பாதை மோசமா இருந்துச்சு, மெதுவாப் போனேன்" என்றார்.

ஏழு மாதம் ஆகிவிட்டது. சண்டை எப்போதோ நின்றது. அரக்குத் துண்டு கீழ்க் கம்பிக்கு வந்துவிட்டது; தம்பி சொன்ன மறுநாளே வந்துவிட்டது. மாடிக்கு ஒரு ஆள் வைத்திருக்கிறோம், கிளிப்பைக் கோணலாகப் போடுகிறார். அண்ணனை யாரும் இப்போது வெந்நீர் என்பதில்லை. அந்த வசனம் அவர் வாயில் வந்து ஏழு மாதம். தங்கைக்குப் போன் போட்டால் தம்பி நன்றாக இருக்கிறான் என்பாள், கட்டை வைத்துக்கொண்டு நடக்கிறான் என்பாள். போனை அவனிடம் கொடுக்கச் சொன்னால் தூங்குகிறான் என்பாள். காலையிலும் தூங்குகிறான், சாயங்காலமும் தூங்குகிறான்.

நேற்று மத்தியானம் அண்ணி சாப்பிடக் கூப்பிட்டாள். அண்ணன் இஸ்திரி மேசையை விட்டு நகரவில்லை. துணி தீய்கிற வாடை வந்ததும் நான் எழுந்து ஓடிப்போய் பெட்டியைத் தூக்கி நிமிர்த்தினேன். லாட்ஜ் விரிப்பில் பழுப்பாக ஒரு முக்கோணம். அவர் அதைக் கவனிக்கவே இல்லை. போனைச் சொம்பில் சாய்த்து வைத்திருந்தார். அந்த வீடியோ மறுபடி எங்கிருந்தோ வந்திருந்தது. இந்தத் தடவை ஏதோ வேறு ஊர் என்று சிவப்பு எழுத்து சொல்லிற்று. சங்கீதம் மட்டும் அதேதான்.

"திரும்பவும் எழுதணுமா?" என்றேன். "கொடி இல்லன்னு?"

"எழுதிட்டேன். திட்டுறாங்க." கண்ணை எடுக்கவில்லை. "இங்க வாங்கம்மா. கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் பாருங்க. இப்ப வரும்."

கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டேன். வானம். வெள்ளை, மஞ்சள், அரக்கு. காற்றில் ஆடிற்று. அண்ணன் உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருந்தார். பதினான்கு என்றபோது மஞ்சளின் ஓரத்திலிருந்து ஒரு கை வந்தது. இடது கை. மோதிர விரல் பாதி. மடங்கியிருந்த விரிப்பின் ஓரத்தைப் பிரித்து, மேலிருந்து கீழாக ஒரு நீவு நீவிவிட்டு, துணிக்குப் பின்னால் போய்விட்டது.

"சுருக்கம் எடுக்குறான் பாருங்க," என்றார் அண்ணன்.

வீடியோ முடிந்தது. தானாகவே மறுபடி முதலிலிருந்து ஓட ஆரம்பித்தது.